மலைப்பாதை அடைபட்டால் இன்சுலினுக்கு என்ன செய்வது?

கேள்வி: அம்மாவுக்கு வயது 68. காலை, இரவு இரண்டு வேளையும் இன்சுலின் போடுகிறோம். வோக்லிபோஸ் மாத்திரையும் உண்டு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்ததிலிருந்து, மழை வலுத்தாலே பயமாக இருக்கிறது. கரண்ட்டும் போய்விடும். என்னென்ன தயாராக வைத்துக்கொள்ள வேண்டும்?
– வாசகி, ஏற்காடு

பதில்: ஐப்பசி பிறப்பதற்குள் இரண்டு வாரத்துக்கான இன்சுலின், மாத்திரை, ஊசி, சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் எல்லாம் கூடுதலாக வாங்கி வைத்துவிடுங்கள். ஸ்ட்ரிப் டப்பாவை எடுத்த கையோடு மூடிவிட வேண்டும். மலை ஈரம் பட்டால் அளவு தப்பாகக் காட்டும்.

கரண்ட் போனதும் பதற வேண்டாம். பிரித்த இன்சுலின் பாட்டில், 30 டிகிரிக்குள் இருந்தால் பெரும்பாலும் 28 நாள் வரை வெளியிலேயே தாங்கும். ஏற்காட்டு மழைக்குளிரில் அது ஒரு பிரச்சினையே இல்லை. மண்பானை, ஈரமணல் வைத்து மருந்தைக் குளிர்விப்பதெல்லாம் சேலத்துச் சித்திரை வெயிலுக்குத்தான் தேவை. பதற்றத்தில் ஃப்ரீசரில் வைப்பதும், ஐஸ் கட்டியோடு சேர்த்துக் கட்டுவதும்தான் மருந்தைக் கெடுக்கும். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது. பால்போல் இருக்கும் வகையை உள்ளங்கையில் உருட்டிய பிறகும் திரிதிரியாக நின்றால் அதையும் போடாதீர்கள்.

நாங்கள் அதிகம் அஞ்சுவது வேறொன்றுக்கு. மருந்து தீர்ந்து அவசரத்தில் வேறு கடையிலோ, தெரிந்தவரிடமோ வாங்கும்போதுதான் பெரிய தவறு நடக்கும். பாட்டிலில் ஒரு மில்லிக்கு 40 ஐ.யூ. (யூனிட்), 100 ஐ.யூ. என இரண்டு வீரியம் உண்டு. 40க்குச் சிவப்பு மூடி ஊசி, 100க்கு ஆரஞ்சு மூடி ஊசி. 100 பாட்டிலிலிருந்து சிவப்பு மூடி ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட்! உயிருக்கே ஆபத்து. பாட்டிலோடு அதற்குரிய ஊசியையும் சேர்த்தே வாங்குங்கள்.

சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் அம்மாவுக்குச் சீனித் தண்ணீரோ மிட்டாயோ போதாது. வோக்லிபோஸ், சீனி குடலில் உடைவதைத் தடுப்பதால் அது மெதுவாகத்தான் ரத்தத்தில் ஏறும். அதனால் வீட்டில் குளுக்கோஸ் பொடி கட்டாயம் இருக்க வேண்டும். 15 கிராம், அதாவது 3 தேக்கரண்டி பொடியை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துப் பரிசோதியுங்கள். ஏறவில்லை என்றால் மறுபடியும் அதே அளவு. ஏறியதும் இரண்டு இட்லி கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழையுங்கள். சேலத்துக்கு இறங்க வழி இல்லாவிட்டால், காத்திருக்காமல் ஏற்காடு அரசு மருத்துவமனைக்கே கொண்டுபோங்கள்.

கேள்வி: வாந்தி பேதியால் அப்பா சாப்பிடவே இல்லை. இன்சுலினை நிறுத்தலாமா?
– வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: நீங்களாக நிறுத்தவே கூடாது. நோய் வந்தால் பட்டினியிலும் சர்க்கரை ஏறும். 4 மணி நேரத்துக்கு ஒருமுறை பரிசோதித்து, அளவைக் குறைப்பதா என்று டாக்டரிடம் கேளுங்கள். மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் மாத்திரைகளைப் பொதுவாக வாந்தி நின்று சாப்பிடத் தொடங்கும்வரை நிறுத்தச் சொல்வார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடுபவருக்கு, சர்க்கரை 200க்குள் இருக்கும்போதே ரத்தத்தில் அமிலம் சேரலாம். வாந்தி நிற்காமல் வயிறு வலித்து, மூச்சும் வாங்கினால் மீட்டர் காட்டும் எண்ணை நம்பி வீட்டில் இருக்காதீர்கள். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய், அதை முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.