வால்வின் முன் நின்று எழுத வேண்டிய நூல்

(தொழில்நுட்பக் கேள்வி–பதில் பகுதி. அனல்மின் நிலையங்களுக்கான இயக்கக் கையேடு, பராமரிப்புக் கையேடு ஆகியவற்றைத் தயாரிப்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற மின்நிலையப் பொறியாளர் ஒருவர் விடையளிக்கிறார்.)

கேள்வி: 210 மெகாவாட் நிலக்கரி அலகு ஒன்றுக்குப் புதிய இயக்கக் கையேடு தயாரிக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டுள்ளது. உற்பத்தியாளர்கள் தந்த தொகுதிகள் இரண்டு அலமாரிகளை நிறைத்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றைச் சுருக்கி ஒரே நூலாக்கினால் போதாதா? இதே திறனுள்ள வேறொரு நிலையத்தின் கையேடும் என் கையில் இருக்கிறது. (உதவிப் பொறியாளர், சேலம்)

பதில்: போதாது. உற்பத்தியாளர் தரும் தொகுதி ஒவ்வொன்றும் தன் இயந்திரத்தை மட்டுமே அறியும். பாய்லர் ஊட்டுநீர் பம்ப்பைச் செய்தவர் அதை எப்படி ஓட்டுவது என்று எழுதியிருப்பார். ஊட்டுநீரில் கரைந்த வாயுக்களை நீக்கும் தொட்டியான டீஏரேட்டரைச் செய்தவர் அதில் நீர்மட்டம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று எழுதியிருப்பார். அந்த மட்டம் இறங்கினால் பம்ப் தானாக நின்றுவிடுமா, நின்றால் மாற்றுப் பம்ப் தானே ஓடத் தொடங்குமா, அது சுமையை ஏற்கும்வரை டிரம்மில் (பாய்லரில் நீரும் நீராவியும் பிரியும் உருளையில்) நீர் தங்க வேண்டுமானால் நிலக்கரியை அரைக்கும் எந்த மில்லை முதலில் நிறுத்துவது ஆகியவற்றை இருவருமே எழுதியிருக்க மாட்டார்கள். ஓர் இயந்திரம் முடிந்து அடுத்தது தொடங்கும் அந்த இடங்களில்தான் ஷிஃப்டில் இருப்பவர் தடுமாறுகிறார். உங்கள் கையேடு அங்கேதான் பேச வேண்டும்.

அடுத்த நிலையத்தின் கையேட்டைப் பொறுத்தவரை இன்னும் கண்டிப்பாகச் சொல்வேன். நம் நாட்டின் 210 மெகாவாட் அலகுகளில் பெரும்பாலானவை இரண்டு குடும்பங்களைச் சேர்ந்தவை. சோவியத் வடிவமைப்பில் வந்த டர்பைனுக்கு நீராவி அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 130 கிலோ. ஜெர்மானிய வடிவமைப்பில் வந்ததற்கு 150 கிலோ. முன்னதில் நீராவியை நாசில்களின் வழியே பகுதி பகுதியாகக் கட்டுப்படுத்துகிறார்கள். பின்னதில் நீராவி முழுவதையும் ஒருசேரக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் முறை. நிறுத்திய பிறகு ரோட்டர் வளைந்துவிடாமல் மெல்லச் சுழற்றும் பேரிங் கியர்கூட முன்னதில் மோட்டாரும் பற்சக்கரமும் கொண்டு நிமிடத்துக்கு 3.4 சுற்று சுற்றுகிறது. பின்னதில் எண்ணெயின் அழுத்தமே ரோட்டரை அதைவிடப் பல மடங்கு வேகத்தில் சுற்றுகிறது. பெயர்ப்பலகையில் ஒரே 210 என்று இருப்பதை நம்பி ஒன்றின் தொடக்க வரிசையை மற்றொன்றுக்கு எழுதிவிட்டால், எந்த வேகத்தில் எவ்வளவு நேரம் நிறுத்திச் சூடேற்றுவது என்பதிலேயே தவறு நேரும். அந்தக் கையேட்டை அத்தியாயங்களின் அமைப்பைப் பார்த்துக்கொள்ள மட்டும் பயன்படுத்துங்கள்.

எனவே அலமாரியிலிருந்து தொடங்காமல் தளத்திலிருந்து தொடங்குங்கள். குழாய்ப்பாதை வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பகுதியில் நெடுநாள் வேலை செய்த ஆபரேட்டர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு, ஒவ்வொரு வால்வின் முன்னும் போய் நின்று, அதில் தொங்கும் அட்டையின் எண்ணும் வரைபடத்தின் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். உங்கள் நிலையத்தில், ஜெர்மனியில் உருவான கே.கே.எஸ். குறியீட்டு முறை இருந்தால் இந்த வேலை எளிதாகும். 'எல்ஏசி 10 ஏபி 001' என்ற எண்ணில் எல்ஏசி என்பது ஊட்டுநீர் பம்ப் அமைப்பையும் ஏபி என்பது பம்ப் என்னும் கருவி வகையையும் குறிப்பதால், எண்ணைக் கண்டதுமே அது எங்கே இருக்கும் என்று ஓரளவு ஊகித்துவிடலாம். எந்த முறையாயினும் கையேட்டில் எண்ணும் வழக்குப் பெயரும் சேர்ந்தே வர வேண்டும்.

நான் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு நிலையத்தில், வடிகால் வால்வ் ஒன்று தரைத்தளத்தில் இருப்பதாக வரைபடம் காட்டியது. கமிஷனிங்கின்போது, அதாவது நிலையத்தை முதன்முதலில் சோதித்து இயக்கியபோது, குழாயின் பாதையை மாற்றியதால் அது உண்மையில் மேல்தளம் ஒன்றில், கேபிள் தட்டுகளுக்குப் பின்னால் இருந்தது. இரவு ஷிஃப்டில் டார்ச்சை வைத்துக்கொண்டு அதை முக்கால் மணி நேரம் தேடியவன் நான்தான். வரைபடத்தைத் திருத்த வேண்டும் என்று அதற்குமுன் தேடியவர்களுக்கும் தோன்றியிருக்கும். திருத்துவது யாருடைய வேலை என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

கேள்வி: செயல்முறைகளை எவ்வளவு விரிவாக எழுத வேண்டும்? மிகவும் விரித்தால் யாரும் படிப்பதில்லை. சுருக்கினால் புதியவர்களுக்குப் புரிவதில்லை. எச்சரிக்கைகளை எங்கே இடுவது? (வாசகி, திருச்சி)

பதில்: ஒரு படிக்கு ஒரு செயல் என்ற கட்டுப்பாட்டை விடாமல் கடைப்பிடித்தால் நீளம் தானாகவே சரியாக அமையும். "தேவையான அளவு திறக்கவும்", "வழக்கம்போல் சரிபார்க்கவும்" போன்ற தொடர்களை ஈவிரக்கமின்றி நீக்குங்கள். வழக்கம் தெரிந்தவருக்குக் கையேடு தேவையில்லை, தேவையானவருக்கு வழக்கம் தெரியாது. எந்த வால்வ், எந்தத் திசையில், எவ்வளவு, அது நடந்துவிட்டது என்பதை எந்த மீட்டரில் பார்ப்பது ஆகிய நான்கும் இருந்தால் அந்தப் படி முழுமையானது.

ஜெனரேட்டரைக் குளிர்விப்பதற்காக அதன் உறைக்குள் ஹைட்ரஜன் நிரப்பும் செயல்முறையை எடுத்துக்கொள்ளுங்கள். கையேடு எழுதக் கற்பவர்களுக்கு நான் எப்போதும் முதலில் தரும் பயிற்சி இதுதான். காற்றில் ஹைட்ரஜன் 4 முதல் 75 சதவீதம் வரை கலந்திருந்தால் அந்தக் கலவை தீப்பற்றக்கூடியது. ஆகவே காற்றும் ஹைட்ரஜனும் உறைக்குள் ஒன்றையொன்று சந்திக்காதவாறு இடையில் கார்பன் டை ஆக்சைடை நிரப்புகிறோம். அது காற்றைவிடக் கனமானது என்பதால் கீழிருந்து செலுத்துகிறோம். காற்று மேல்வழியே வெளியேறுகிறது. பிறகு இலேசான ஹைட்ரஜனை மேலிருந்து செலுத்த, கார்பன் டை ஆக்சைடு கீழ்வழியே வெளியேறுகிறது. இவ்வளவையும் எந்த எழுத்தாளரும் எழுதிவிடுவார். ஆனால் வாயுவின் தூய்மையைச் சோதிக்க மாதிரி எடுக்கும் இடம் முதற்கட்டத்தில் மேற்பகுதி, இரண்டாம் கட்டத்தில் கீழ்ப்பகுதி என்று மாறுவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். செலுத்தும் பக்கத்திலேயே மாதிரி எடுத்தால் மீட்டர் எப்போதும் நல்ல எண்ணையே காட்டும், மறுகோடியில் காற்று தங்கியிருந்தாலும். இந்த ஒரு வரி இல்லாத கையேடு, மற்றவை எல்லாம் சரியாக இருந்தாலும், ஆபத்தான கையேடு.

எச்சரிக்கையின் இடமும் இங்கேயே விளங்கும். தண்டின் இரு முனைகளிலும் வாயு கசியாமல் தடுப்பது சீல் ஆயில். அது ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் அழுத்தம் உறைக்குள் உள்ள வாயுவின் அழுத்தத்தைவிட அதிகமாக இருக்கிறது என்பதை உறுதி செய்யாமல் எந்த வாயு வால்வையும் தொடக்கூடாது. இதை வாயு வால்வைத் திறக்கும் படிக்கு முன்னால், அதே பக்கத்தில், அதன் தலைமேல் அச்சிட வேண்டும். படிக்குப் பின்னால் வரும் எச்சரிக்கையை வால்வைத் திறந்த பிறகுதான் ஒருவர் படிப்பார். நூலின் முகப்பில் பத்துப் பக்கம் "பாதுகாப்பு விதிகள்" என்று தொகுத்து வைத்துவிட்டு, உள்ளே ஒன்றும் சொல்லாமல் விடுவது எழுதியவருக்கு மட்டுமே பாதுகாப்பு.

விரிவாக எழுத வேண்டிய இன்னோர் இடம், பாய்லரைப் பற்றவைக்குமுன் செய்யும் பர்ஜ். உலையில் தேங்கியிருக்கக்கூடிய எரிபொருள் ஆவியை வெளியேற்ற, முழுச் சுமைக் காற்றோட்டத்தில் குறைந்தது கால் பங்கேனும் 5 நிமிடத்துக்குக் குறையாமல் ஓட வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட நடைமுறை. எண்ணை மட்டும் எழுதாமல், பர்ஜ் பாதியில் தடைப்பட்டால் மீதி நிமிடங்களை மட்டும் ஓட்டினால் போதாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். அவசரத்தில் இருப்பவருக்கு அந்த மீதி நிமிடங்களின் ஆசை பெரிது.

கேள்வி: அவசரநிலை அத்தியாயத்தில் எத்தனை நிகழ்வுகளைச் சேர்க்க வேண்டும்? எங்கள் பட்டியல் அறுபதைத் தாண்டிவிட்டது. (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: பட்டியலை நீட்டுவதற்குமுன் அமெரிக்காவின் த்ரீ மைல் தீவு அணுமின் நிலையத்தில் 1979 மார்ச் 28 அதிகாலையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அணு உலை என்பதால் நமக்குத் தொடர்பில்லாதது என்று கருத வேண்டாம். கையேடு எழுதும் எவருக்கும் அது பாடம். அழுத்தம் தணிக்கும் வால்வ் ஒன்று திறந்து, மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டறையின் விளக்கோ, மூடும்படி கட்டளை போனதை மட்டுமே காட்டியது. வால்வ் உண்மையில் மூடியதா என்பதைக் காட்டவில்லை. முதல் சில நிமிடங்களிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள் அடித்தன. குளிர்விக்கும் நீர் குறைந்துகொண்டிருந்த வேளையில், நீர் மிகுந்துவிட்டதாகக் கருதி ஆபரேட்டர்கள் அவசர நீரைக் குறைத்தார்கள். உலையின் மையம் பாதியளவு உருகியது. அதே வகை வால்வ் 1977 செப்டம்பரில் டேவிஸ்-பெஸ்ஸி என்ற வேறொரு நிலையத்தில் இவ்வாறே சிக்கியிருந்தது. அந்த அனுபவம் இவர்களின் செயல்முறை ஏட்டுக்கு வந்து சேரவில்லை.

"இன்ன நிகழ்வு நடந்தால் இன்னது செய்க" என்று எழுதினால், என்ன நடந்தது என்பதை ஆபரேட்டர் முதலில் சரியாகக் கண்டுபிடித்தாக வேண்டும் என்பது அதன்பின் எல்லோருக்கும் உறைத்தது. அதனால் அணுமின் துறை அறிகுறியை அடிப்படையாகக் கொண்ட செயல்முறைகளுக்கு மாறியது. உங்கள் அறுபதையும் அப்படித் திருப்பி அடுக்கிப் பாருங்கள். "டிரம் மட்டம் இறங்குகிறது" என்று ஒரே பக்கம் போதும். நீராவி ஓட்டத்தையும் ஊட்டுநீர் ஓட்டத்தையும் ஒப்பிடுக. ஊட்டுநீர் குறைந்திருந்தால் பம்ப்பையும் கட்டுப்பாட்டு வால்வையும் பார்க்க. ஊட்டுநீர் மிகுதியாக இருந்தும் மட்டம் இறங்கினால் குழாய் வெடிப்பைச் சந்தேகிக்க. காரணம் எதுவாயினும் மட்டம் இந்த எல்லையைத் தொட்டு, பாதுகாப்பு தானாக இயங்காவிட்டால் கையால் ட்ரிப் செய்க (உடனே நிறுத்துக). அந்த எல்லையை உங்கள் நிலையத்தின் பாதுகாப்பு அமைப்பு அட்டவணையிலிருந்து எடுத்து எழுதுங்கள்.

நிலையம் முழுவதும் மின்சாரம் இழக்கும் நிலைக்கு மட்டும் தனிப்பக்கம் வேண்டும். அதன் முதல் படிகள், அதாவது பேட்டரியில் ஓடும் அவசர உயவு எண்ணெய் பம்ப்பும் சீல் ஆயில் பம்ப்பும் ஓடத் தொடங்கினவா என்று பார்ப்பது, படித்துச் செய்பவையாக இருக்கக்கூடாது. அவை மனப்பாடமாக வேண்டியவை என்று அந்தப் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.

கேள்வி: பராமரிப்புக் கையேட்டில் உற்பத்தியாளர் சொன்ன கால இடைவெளிகளை அப்படியே தரலாமா? (பராமரிப்புப் பிரிவு, நெய்வேலி)

பதில்: தொடக்கத்துக்குத் தரலாம். ஆனால் டர்பைனின் ஆயுளை ஓடிய மணி மட்டும் தீர்மானிப்பதில்லை. ஒவ்வொரு தொடக்கமும் உலோகத்துக்கு வெப்ப அதிர்ச்சி தருவதால், தொடக்கங்களையும் மணிக்கணக்காக மாற்றிக் கூட்டிக்கொள்ளும் முறை உண்டு. பகலில் சூரிய மின்சாரம் பெருகி, அலகுகளை அடிக்கடி இறக்கி ஏற்றும் இக்காலத்தில் அந்தக் கணக்குக்கு ஒரு பக்கம் ஒதுக்கத்தான் வேண்டும்.

இடைவெளியைவிட முக்கியமானது பழைய நிலைக்குத் திருப்பும் படி. த்ரீ மைல் தீவில் அவசர ஊட்டுநீர்ப் பாதையின் இரு வால்வுகள் மூடியே கிடந்தன. கட்டுப்பாட்டறையில் தொங்கிய பராமரிப்புச் சீட்டு ஒன்று அதைக் காட்டும் விளக்குகளில் ஒன்றை மறைத்திருந்தது. எனவே எந்தப் பராமரிப்புச் செயல்முறையும் "வேலை முடிந்தது" என்று முடியக்கூடாது. பெர்மிட் (வேலை செய்வதற்கான அனுமதிச் சீட்டு) எடுத்தபோது மூடிய வால்வுகள், எடுத்த ஃபியூஸ்கள், போட்ட பூட்டுகள் ஆகியவை அதே வரிசை எண்களுடன் மீண்டும் பட்டியலாக வந்து, வேறொருவர் பார்த்துக் கையொப்பமிடும் இடத்துடன் முடிய வேண்டும்.

கேள்வி: கையேடு தமிழில் இருக்க வேண்டுமா? (ஒப்பந்தத் தொழிலாளர் மேற்பார்வையாளர், தூத்துக்குடி)

பதில்: கட்டுப்பாட்டறையின் திரையும் அலாரமும் ஆங்கிலத்தில் இருக்கும்வரை இயக்கக் கையேடு ஆங்கிலத்தில் இருப்பதில் நியாயம் உண்டு; திரையில் தோன்றும் சொல்லும் ஏட்டில் உள்ள சொல்லும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆனால் சாம்பல் ஹாப்பரிலும் நிலக்கரிக் கன்வேயரிலும் வேலை செய்பவருக்கு உரிய பக்கங்கள் அவர் படிக்கும் மொழியில் இருக்க வேண்டும். இன்று அது தமிழாக மட்டும் இருப்பதில்லை, இந்தியும் தேவைப்படலாம். தொழிற்சாலை அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர் அறிந்த மொழியிலும் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 108ஆம் பிரிவே வகுத்தது. தமிழில் எழுதும்போது தளத்தில் வழங்கும் சொல்லையே எழுதுங்கள். வால்வை "தடுக்கிதழ்" என்று எழுதினால் ஆள் போய் நிற்குமிடம் தெரியாது.

கேள்வி: கையேடு வெளிவந்த பிறகு யார் திருத்துவது? (அதே சேலம் வாசகர்)

பதில்: பெயர் குறித்து ஒரு பதவிக்கு அந்தப் பொறுப்பைத் தராவிட்டால் யாரும் திருத்த மாட்டார்கள். இன்டர்லாக்கின் (எல்லை மீறினால் இயந்திரத்தைத் தானாக நிறுத்தும் ஏற்பாட்டின்) அமைப்பு எண்ணை மாற்றும் படிவத்திலேயே "கையேட்டின் பக்கம் எண்" என்று ஒரு கட்டம் போட்டு, அது நிரம்பாமல் படிவம் ஒப்புதல் பெறாது என்று வைத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை கட்டுப்பாட்டறைக்குச் சென்று, பேனலிலும் மேசைக் கண்ணாடிக்கு அடியிலும் ஆபரேட்டர்கள் ஒட்டி வைத்திருக்கும் துண்டுச்சீட்டுகளைப் படியுங்கள். அவற்றைக் கிழித்து எறிய வேண்டாம். ஒவ்வொன்றையும் எழுதியவரிடம் காரணம் கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள். உங்கள் அடுத்த பதிப்பின் திருத்தப் பட்டியல் பெரும்பாலும் அங்கேயே எழுதப்பட்டிருக்கும்.