குறைவாகப் பறந்த ஹெலிகாப்டர் என்றால் நம்பலாமா?

கேள்வி: ஒற்றை டர்பைன் எஞ்சின் கொண்ட பழைய ஹெலிகாப்டர் ஒன்று விலைக்கு வருகிறது. குறைந்த மணிநேரமே பறந்தது என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: மொத்த மணிநேரத்தை மட்டும் வைத்து விலை பேசாதீர்கள். ரோட்டார் மாஸ்ட் (மேல் விசிறியைச் சுழற்றும் தண்டு), பிளேடு போன்றவற்றுக்குத் தனித்தனி ஆயுள் உண்டு. எஞ்சினின் டர்பைன் சக்கரங்களுக்கு ஸ்டார்ட் எண்ணிக்கையும் கணக்கு. பாகத்தில் பொறித்த சீரியல் எண்ணை நேரில் படித்து லாக் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். ஆவணம் இல்லாத பாகம் பளபளத்தாலும் அதை மாற்றும் செலவை விலையில் கழித்தே ஆகவேண்டும்.

கொக்கியில் சுமை தொங்கவிட்டு வேலை செய்ததா என்று அவசியம் கேளுங்கள். சில மாடல்களில் ஒவ்வொரு தூக்கலும் மாஸ்ட்டின் ஆயுளைக் குறைக்கும்; மணிநேரத்தில் அது தெரியாது.

ஓடாமல் நிறுத்திவைத்ததும் ஆபத்துதான். கடலோரத்தில் நின்றிருந்தால் டெயில் பூமின் (நீண்ட வால் பகுதியின்) ரிவெட் வரிசையைப் பாருங்கள்: பெயின்ட் கொப்பளித்திருந்தால் அடியில் அரிப்பு. ஆண்டுக் கணக்கும் உண்டு: உதாரணமாக, பிஸ்டன் எஞ்சின் கொண்ட ராபின்சன் ஆர்44 மாடலுக்கு, குறைவாகப் பறந்திருந்தாலும், 12 ஆண்டு ஆனால் ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துச் சீரமைப்பது).

முன்பணம் தருவதற்குள், விற்பவரோடு தொடர்பில்லாத, அந்த மாடலில் பழகிய மெக்கானிக் எஞ்சினுக்குள் போரோஸ்கோப் (மெல்லிய குழாய் கேமரா) விட்டுப் பார்க்கட்டும். சிப் டிடெக்டரில் (எண்ணெயில் வரும் துகளைப் பிடிக்கும் காந்தம்) உலோகத் துகள் இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். பறக்கவிட்டு பவர் செக்கும் (எஞ்சின் உரிய சக்தி தருகிறதா என்ற சோதனை) எடுங்கள்.