காலையில் ஸ்டார்ட் ஆகாத டீசல் அம்பாசிடர்

கேள்வி: பழைய டீசல் அம்பாசிடர் வைத்திருக்கிறேன். ராத்திரி நிறுத்தினால், காலையில் ஹேண்ட் பம்ப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. ஏலகிரி ஏறும்போது இழுவையும் குறைகிறது. டீசல் பம்ப்பையே கழற்றி சர்வீஸ் செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: இப்போதைக்கு வேண்டாம், அது பெரிய செலவு. ஹேண்ட் பம்ப் அடித்ததும் பிடிக்கிறது என்றால், பெரும்பாலும் லைனில் காற்று புகுந்து டீசல் டேங்குக்கே இறங்குகிறது. டேங்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் (டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் சின்ன பம்ப்) நடுவே டீசல் உறிஞ்சப்படுகிறது. அங்கே விரிசல் இருந்தால் ஒரு சொட்டுகூட வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் தரை காய்ந்திருப்பதை நம்பாதீர்கள்.

ஃபீட் பம்ப்புக்கு முன்னால் டீசல் தாங்கும் டிரான்ஸ்பரன்ட் ட்யூப் ஒரு துண்டு மாட்டி எஞ்சினை ஓடவிடுங்கள். குமிழி வந்தால், டேங்க் லைனைக் கழற்றிவிட்டு, கேனில் சுத்தமான டீசல் வைத்து நேரடியாகக் கொடுங்கள். குமிழி நின்றால் கோளாறு டேங்க் பக்கம்: ரப்பர் ஹோஸ், கிளாம்ப், துருப்பிடித்த பைப். குமிழியே இல்லையென்றால் ஃபில்டர் ரப்பர் ரிங், செம்பு வாஷர்களைப் புதிதாக மாற்றுங்கள். பழைய வாஷரை இறுக்கிப் பயனில்லை.

பிறகு ஏர் எடுக்க வேண்டும். ஃபில்டரின் பிளீட் ஸ்க்ரூவை (காற்றை வெளியேற்றும் திருகு) தளர்த்தி, நுரையில்லாமல் டீசல் வரும்வரை ஹேண்ட் பம்ப் அடித்து, அடிக்கும்போதே இறுக்குங்கள். அடுத்து டீசல் பம்ப்பில் உள்ள பிளீட் ஸ்க்ரூவிலும் இதேபோல் செய்யுங்கள். செல்ஃபை ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள். இன்ஜெக்டர் (எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் பாகம்) பீய்ச்சும் இடத்தில் கை வைக்கவே கூடாது, தோலைத் துளைத்துவிடும்.

இழுவை குறைவதற்கு ஃபில்டரையும் டேங்க் மூடியின் காற்றுத் துளையையும் பாருங்கள். ஏற்றத்தில் வண்டி திணறும்போது ஓரமாக நிறுத்தி மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் துளை அடைத்திருக்கிறது.