கனடா 1993 – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கட்சிகளின் ஆயுளைப் பற்றிய உங்கள் கட்டுரையில் கனடாவின் 1993 தேர்தலை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். 1988-இல் 169 இடங்கள் வென்ற ஆளுங்கட்சியான முற்போக்கு கன்சர்வேடிவ் கட்சி அடுத்த தேர்தலிலேயே 2 இடங்களுக்குச் சுருங்கியது. அனுபவமில்லாத பிரதமர் கிம் கேம்பலும், எதிரணித் தலைவரின் முகத்தைக் காட்டிய அந்த விளம்பரமும்தானே காரணம்?

ரா.

அன்புள்ள ரா.,

இந்தப் பழியைக் கிம் கேம்பல் தலையில் போடுவது எனக்கு நெடுநாளாகவே வருத்தம் தருகிறது. 1993 ஜூன் 25 அன்று அவர் கனடாவின் முதல் பெண் பிரதமரானார். அக்டோபர் 25 அன்று வாக்குப்பதிவு. நான்கே மாதம். எரிகிற வீட்டின் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனவர் அதே கட்சியின் முந்தைய பிரதமர் பிரையன் மல்ரோனி.

விளம்பரம் கேவலமானது, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. எதிரணியான லிபரல் கட்சியின் தலைவர் ழான் கிரெத்தியனுக்குச் சிறுவயதிலேயே முகத்தின் ஒரு பக்கம் பாதிக்கப்பட்டது. பேசும்போது வாய் கோணும். அந்தக் கோணல் தெரியும் படங்களை மிக அருகில் காட்டி, இவரா பிரதமர் என்று கேட்டார்கள். சொந்தக் கட்சி வேட்பாளர்களே கொதித்தெழ, விளம்பரம் உடனே நிறுத்தப்பட்டது. ஆனால் கட்சி அதற்கு முன்பே உடைந்துவிட்டிருந்தது.

1984-இல் மல்ரோனி 282 இடங்களில் 211-ஐ வென்றார். கியூபெக்கின் பிரெஞ்சு தேசியவாதிகளையும் மேற்கு மாகாணமான ஆல்பர்ட்டாவின் பழமைவாதிகளையும் ஒரே பந்தியில் உட்காரவைத்துப் பெற்ற வெற்றி அது. ஒருவர் இலைக்குப் பரிமாறினால் மற்றவருக்கு வயிறு எரியும். 1986-இல் சிஎஃப்-18 போர் விமானங்களைப் பராமரிக்கும் ஒப்பந்தத்துக்கு மேற்கிலுள்ள வின்னிபெக் நகரின் நிறுவனம் குறைந்த விலை கேட்டது. தொழில்நுட்பத்திலும் அதுவே மேல் என மதிப்பிடப்பட்டது. அரசோ அதை கியூபெக்கிலுள்ள மாண்ட்ரியல் நகரின் நிறுவனத்துக்குக் கொடுத்தது. மேற்கு மாகாணங்கள் அதை மறக்கவில்லை. அடுத்த ஆண்டே பிரெஸ்டன் மானிங் தலைமையில் ரிஃபார்ம் கட்சி பிறந்தது.

கியூபெக்கைத் தனித்த சமூகமாக ஏற்கவிருந்த மீச் ஏரி உடன்பாடு 1990-இல் சரிந்தது. அது சரியும் தறுவாயில், மல்ரோனியின் நெருங்கிய நண்பரும் அமைச்சருமான லூசியன் பூஷார் விலகிப்போய் கியூபெக்குக்கென பிளாக் கியூபெக்வா கட்சியைத் தொடங்கினார். பந்தியின் இரு பக்கமும் காலியானது.

இனி எண்களைப் பாருங்கள். கன்சர்வேடிவ் கட்சி 16 சதவீத வாக்குகள் பெற்று 2 இடங்களை வென்றது. பிளாக் பெற்றது 13.5 சதவீதம்தான், இடங்கள் 54. தொகுதியில் முதலில் வருபவருக்கே வெற்றி என்ற முறையில், ஒரே மாகாணத்தில் குவிந்த வாக்கு அறுவடையாகிறது. நாடெங்கும் தூவிய வாக்கு மண்ணோடு போகிறது. 52 இடங்கள் பெற்ற ரிஃபார்மும் மேற்கில் குவிந்ததால்தான் பிழைத்தது. கனடாவிலிருந்து பிரிய விரும்பிய பிளாக், 'அரசியின் விசுவாசமான எதிர்க்கட்சி' என்ற பட்டத்தோடு அதிகாரபூர்வ எதிர்க்கட்சியாக அமர்ந்தது. நாடாளுமன்றத்தில் கட்சி அங்கீகாரம் பெற 12 பேர் வேண்டும். கன்சர்வேடிவ்களிடம் அதுவும் இல்லை. வான்கூவர் சென்டர் தொகுதியில் கேம்பலே தோற்றார்.

அதன்பின் வலதுசாரி வாக்கு இரண்டாகப் பிளந்து கிடக்க, லிபரல்கள் மேலும் இரண்டு தேர்தல்களில் பெரும்பான்மை பெற்றார்கள். 2003-இல்தான் பிளவுபட்ட இரு தரப்பும் இணைந்தன. 2006-இல் பிரதமரான ஸ்டீபன் ஹார்ப்பர், 1993-இல் ரிஃபார்ம் வேட்பாளராகக் கால்கரியில் வென்றவர். இணைந்த கட்சியின் பெயரில், பழைய கட்சி அறுபது ஆண்டுகளாகச் சுமந்துவந்த 'முற்போக்கு' என்ற சொல் இல்லை.