வெயில் ஊரில் ஸ்வெட்டர் ஊசி: தர்மபுரியில் நிட்டிங் பழகலாமா?

கேள்வி: "தர்மபுரியில் இருக்கிறேன். வாரத்தில் ஆறு நாள் ஓசூருக்குப் பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறேன். நிட்டிங் பழக ஆசை. வீட்டில், 'இந்த வெயிலில் யாருக்கு ஸ்வெட்டர்?' என்று சிரிக்கிறார்கள். இங்கே இது வீண் வேலையா? இருக்கிற வேலைக்கு நடுவில் எப்படிப் பழகுவது?"

சிரிக்கிறவர்கள் போட்டிருக்கும் பனியனை முதலில் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிப்பக்கம் பொடிப்பொடியாக 'வி' எழுத்தை மேலிருந்து கீழே அடுக்கிய மாதிரி இருக்கும். உள்பக்கம் திருப்பினால் குறுக்கே மேடு மேடாக வரி ஓடும். அந்த 'வி'தான் நிட், அந்த மேடுதான் பர்ல். இரண்டும் ஒரே கண்ணியின் முன்பக்கமும் பின்பக்கமும். திருப்பூரில் மிஷின் செய்வதை நீங்கள் இரண்டு ஊசியை வைத்துக் கையால் செய்யப் போகிறீர்கள், அவ்வளவுதான். சித்திரை வெயிலிலும் உடம்பை ஒட்டிப் பின்னல் துணியைப் போட்டுக்கொண்டு, பின்னல் இந்த ஊருக்கு எதற்கு என்று கேட்பவர்களிடம் வேறு என்ன சொல்வது?

நம் பக்கத்துக் குரும்பர் கம்பளியைக் காட்டி "அதுவும் இதுவும் ஒன்றுதானே" என்று யாராவது வரலாம். ஒன்றில்லை. அது தறியில் பாவும் ஊடையும் சேர்த்து நெய்வது. பின்னலில் இருப்பது ஒரே நூல். ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணியை இழுத்து இழுத்தே துணியாகிறது. இழுத்தால் கொடுப்பதும் அதனால்தான், ஒரு முனை விட்டால் மொத்தமும் அவிழ்வதும் அதனால்தான். இந்த இரண்டு குணத்தையும் மனதில் வைத்துக்கொண்டால் பின்னலில் வருகிற பாதிப் பிரச்சினைக்குக் காரணம் தானாகப் புரியும்.

யாருக்கு ஸ்வெட்டர் என்றால், ஓசூருக்கே போய் வருகிறவர் நீங்கள், உங்களுக்குத் தெரியாததா? 2004-ல் பிரியும்வரை தர்மபுரியும் ஓசூரும் ஒரே மாவட்டம்தான். ஆனால் மார்கழி விடிகாலையில் தர்மபுரிப் பக்கத்து அரூரும் ஓசூர்ப் பக்கத்துக் குளிர்த் தளியும் ஒரே ஊராகிவிடாது. அது இருக்கட்டும். உங்களுக்கு முதல் வேலை ஸ்வெட்டரே கிடையாது. மஃப்ளரும் வேண்டாம்.

நீங்கள் சொல்லவில்லை, ஆனாலும் ஒன்று ஊகிக்கிறேன். உங்கள் வீட்டில் ஏற்கெனவே பாதி பின்னிய மஃப்ளர் ஒன்று கட்டைப்பையில் கிடக்கும். வீடியோ பார்த்து ஆரம்பித்திருப்பீர்கள். கீழே ஒரு சாண் அகலம், மேலே போகப்போக ஒன்றரைச் சாண். எண்ணினால் 40 கண்ணி 53 ஆகியிருக்கும். கை சரியில்லை என்று மூட்டை கட்டியிருப்பீர்கள். கையில் குறையில்லை. ஒவ்வொரு வரிசையின் முதல் கண்ணியிலும்தான் வினை. வரிசை முடிந்து திருப்பும்போது நூல் ஊசிக்கு மேலாகப் பின்னால் போனால், முதல் கண்ணி மேலே இழுபட்டு அதன் இரண்டு காலும் இரண்டு தனிக் கண்ணி மாதிரி நிற்கும். நீங்கள் இரண்டையும் பின்னுவீர்கள். கணக்கில் ஒன்று கூடும். திருப்பியதும் நூலை முன்பக்கம் கீழே ஒரு இழு இழுத்து, ஊசிக்கு அடியில் பின்னால் கொண்டுபோய்ப் பிறகு பின்னுங்கள். இந்த ஒன்றைச் சொல்லிக்கொடுக்காமலேயே "ரொம்ப ஈஸி" என்று முடிக்கும் வீடியோக்கள் எத்தனை!

முதல் வேலைக்கு 8 பிளை (நடுத்தரத் தடிமன்) பருத்தி நூல், 4 மில்லிமீட்டர் ஊசி. இங்கே கடையில் அதை 8 நம்பர் ஊசி என்பார்கள். நம் கடைகளில் பழைய இங்கிலாந்துக் கணக்கு, நம்பர் ஏற ஏற ஊசி மெலியும்: 10 நம்பர் 3.25 மில்லிமீட்டர், 12 நம்பர் 2.75. அமெரிக்கக் கணக்கு தலைகீழ். அவர்களுடைய 8 நம்பர் 5 மில்லிமீட்டர். அமெரிக்கக் குறிப்பைப் பார்த்துக்கொண்டு கடையில் "எட்டு நம்பர்" என்று கேட்டு வாங்கினால் துணி அட்டை மாதிரி விறைப்பாக வரும், நூலைக் குற்றம் சொல்வீர்கள். மில்லிமீட்டரையே சொல்லிக் கேளுங்கள்.

40 கண்ணி ஏற்றுங்கள். அதற்கு எவ்வளவு நூல் வால் விடவேண்டும் என்று தெரியாமல் 36-வது கண்ணியில் நூல் தீர்ந்து போவது எல்லோருக்கும் நடப்பது. ஊசியில் பத்துச் சுற்றுச் சுற்றி அவிழ்த்து அளந்து, அதை நாலால் பெருக்கி, மேலே ஒரு சாண் விடுங்கள். பிறகு எல்லா வரிசையும் நிட் மட்டும். 80 வரிசை போனால் சதுரமாக, ஏறக்குறைய 20 சென்டிமீட்டருக்கு ஒரு கைத்துணி கிடைக்கும். இந்தப் பின்னலில் ஒரு கண்ணியின் அகலமும் இரண்டு வரிசையின் உயரமும் கிட்டத்தட்டச் சமம், அதனால்தான் 40-க்கு 80. ஒரு 50 கிராம் உருண்டையில் முடிந்து மீதியும் இருக்கும். அடுப்பு மேடை துடைக்கலாம், தண்ணீர்ச் சொம்புக்கு அடியில் போடலாம். இதில் வெயிலுக்கும் குளிருக்கும் வேலையே இல்லை.

இப்போது நீங்கள் கேட்ட முக்கியமான விஷயம்: எப்போது நேரம் கிடைக்கும்? பழகாத கைக்கு 40 கண்ணி வரிசை ஒன்றுக்கு இரண்டு, மூன்று நிமிஷம். குக்கர் மூன்றாவது விசிலுக்குள் இரண்டு வரிசை வரும். நாளைக்குப் பத்து வரிசை போட்டால் எட்டாவது நாள் துணி கையில். ஆக நேரம் ஒரு பெரிய தடையே இல்லை. பத்து நாள் கழித்து எடுக்கும்போது எங்கே விட்டோம் என்று தெரியாமல் போவதுதான் வேலையைக் கெடுக்கிறது. பின்னலில் பின்னுவதைவிட நிறுத்துவதுதான் பழகவேண்டிய வித்தை என்பேன். மிகைப்படுத்துகிறேன் என்று பழகியவர்கள் சொல்லலாம். அவர்கள் கைக்கு அது தானாக வருவதால் மறந்திருப்பார்கள்.

எப்போதும் வரிசை முடித்து நிறுத்துங்கள். பால் பொங்குகிறது, பாதியில் வைத்தே ஆகவேண்டும் என்றால், திரும்ப எடுக்கும்போது உருண்டையிலிருந்து வரும் நூல் எந்த ஊசியில் தொங்குகிறதோ அந்த ஊசி வலது கைக்கு வரவேண்டும். மாற்றிப் பிடித்தால் வந்த வழியே திரும்பிப் பின்னுவீர்கள். அந்த இடத்தில் ஒரு ஓட்டையும், ஒரு பக்கம் மட்டும் இரண்டு வரிசை உயரமும் வந்துவிடும். துணியின் நல்ல பக்கத்தில் ஒரு ஊக்கு குத்தி வையுங்கள். பத்து வரிசைக்கு ஒரு ஊக்கு என்று போட்டால் எண்ணவும் வேண்டாம். சமையல்கட்டில் பின்னுவதானால் மஞ்சள் பட்ட கையோடு மட்டும் ஊசியைத் தொடாதீர்கள், பருத்தியில் ஏறிய மஞ்சள் லேசில் போகாது.

இருபது வரிசைக்கு ஒருமுறை இன்னொன்றும் செய்யலாம். பூக்கட்டும் நூலைத் தடித்த ஊசியில் கோத்து, பின்னல் ஊசியில் இருக்கும் எல்லாக் கண்ணிக்குள்ளும் விட்டு அப்படியே வைத்துவிடுங்கள். மேலே எவ்வளவு குளறுபடியானாலும் அந்த நூல்வரை தைரியமாக அவிழ்க்கலாம், அதற்குக் கீழே ஒரு கண்ணியும் ஓடாது. திரும்ப ஊசியில் ஏற்றும்போது ஒவ்வொரு கண்ணிக்கும் வலது கால் முன்னால் நிற்கிறதா என்று பாருங்கள். இடது கால் முன்னால் வந்தால் அந்தக் கண்ணி முறுக்கிக்கொண்டு, துணியில் அந்த ஒரு இடம் மட்டும் இறுகித் தெரியும்.

பஸ்ஸுக்கு நீள ஊசி ஆகாது. மூன்று பேர் சீட்டில் முழங்கை பக்கத்தில் இருக்கிறவர் விலாவில்தான் இருக்கும். வட்ட ஊசி வாங்குங்கள், அதாவது இரண்டு குட்டை ஊசியை ஒரு பிளாஸ்டிக் கயிறு இணைத்திருப்பது, 60 சென்டிமீட்டர் நீளம் போதும். நேர் வேலைக்கும் அதையே திருப்பித் திருப்பிப் பயன்படுத்தலாம். வண்டி குலுங்கினால் கண்ணியை நடுக்கயிற்றுக்குத் தள்ளிவிட்டால் கழன்று விழாது, ஒரு ஊசி மட்டும் தவறிக் கீழே உருண்டு போகவும் வழியில்லை. அலுமினியத்தைவிட மூங்கில் ஊசி பஸ்ஸுக்கு நல்லது, கண்ணி வழுக்காது. எண்ணிக்கை உள்ள டிசைன் எதையும் பஸ்ஸில் எடுக்காதீர்கள். பாலக்கோடு தாண்டி ராயக்கோட்டை வருவதற்குள் "டிக்கெட், டிக்கெட்" என்று இரண்டு முறை கணக்குப் போய்விடும்.

உண்மையில் பின்னலுக்கு ரயில் மாதிரி வராது. நேரம் ஒத்துவந்தால் உங்களுக்காவது தர்மபுரியிலிருந்து ஓசூருக்கு ரயில் உண்டு. கிருஷ்ணகிரிக்காரர்களைக் கேளுங்கள். மாவட்டத் தலைநகர், மாம்பழத்துக்குப் பேர்போன ஊர், ஊருக்குள் ஒரு ரயில் நிலையம் கிடையாது. 1905-லேயே திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குக் குறுகிய பாதையில் ரயில் ஓடியது. 1941-ல் மூடினார்கள், மூடியதுதான். பாட்டன் காலத்தில் இருந்தது பேரன் காலத்தில் இல்லை. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், பஸ்ஸில் ஊசி பிடிப்பதைப் பற்றி எழுதும்போது எரிச்சல் வந்துவிட்டது.

நூலுக்கு வருகிறேன். கடையில் "உல்லன்" என்று தருவது பெரும்பாலும் அக்ரிலிக். அதில் தப்பில்லை, ஆனால் தெரிந்து வாங்குங்கள். ஒரு விரல் நீள நூலைக் கொளுத்திப் பாருங்கள். அசல் கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம், தொட்டால் பொடியும் சாம்பல். அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாகும். பருத்தி காகிதம் மாதிரி எரியும். அக்ரிலிக்கில் பின்னியதை இஸ்திரி போடக்கூடாது. சூடு பட்டதும் துவண்டு, திரும்ப நிமிராது. அசல் கம்பளியைச் சுடுதண்ணீரில் கசக்கினால் சுருங்கிக் கட்டியாகிவிடும். பருத்தியைக் கொடியில் தொங்கவிட்டால் தண்ணீர்க் கனத்தில் நீண்டு போகும், பாயில் பரப்பிக் காயவையுங்கள். பருத்திக்கு எலாஸ்டிக் குணம் குறைவு. அதனால் ஸ்வெட்டரில் கை, இடுப்பு வார்ப்பகுதிக்கு (ஓரத்தில் இறுக்கிப் பிடிக்கும் பட்டைக்கு) இரண்டு நம்பர் மெலிந்த ஊசி, அதாவது உடம்பு 8-ல் என்றால் வார் 10-ல். மே மாத மத்தியானத்தில் அக்ரிலிக் பின்னாதீர்கள். வியர்த்த விரலில் நூல் ஓடாமல் இழுத்து இழுத்துப் பின்னுவோம், அந்தப் பத்து வரிசை மட்டும் குறுகிவிடும்.

லேபிள் இல்லாமல் விற்கும் நூலில் லாட் நம்பர், அதாவது எந்தத் தடவை சாயம் போட்டது என்று காட்டும் எண், இருக்காது. அதே நிறம் என்று அடுத்த மாதம் வாங்கியது மார்பின் குறுக்கே கோடாகத் தெரியும். தேவையான மொத்தத்தையும் ஒரே நாளில் வாங்கிவிடுங்கள்.

கைத்துணி இரண்டு முடித்தபின் குழந்தைத் தொப்பி. யார் வீட்டிலாவது குழந்தை பிறந்துகொண்டுதான் இருக்கும். 8 பிளை மென்மையான நூல், 74 கண்ணி (இரண்டு தையலுக்கு). இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று 3 சென்டிமீட்டர். பிறகு ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று மொத்தம் 10 சென்டிமீட்டர் வரும்வரை. அப்புறம் குறைப்பு: ஓரக் கண்ணி விட்டு, ஏழு நிட், இரண்டைச் சேர்த்து ஒன்று, இதை எட்டு முறை. அடுத்தது பர்ல். அடுத்த நிட் வரிசையில் ஆறு நிட், இரண்டைச் சேர்த்து ஒன்று. இப்படி ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தால் கடைசியில் ஓரம் தவிர எட்டுக் கண்ணி நிற்கும். நூலை அதற்குள் ஓட்டி இறுக்கி, பக்கத்தைத் தைக்கவும். குஞ்சம், பொத்தான் எதுவும் வேண்டாம், குழந்தை பிடுங்கி வாயில் போடும். உள்ளே நூல் முனை தொங்கவும் கூடாது.

ஸ்வெட்டர் அதற்குப் பிறகுதான். அப்போதும் 30 கண்ணியில் மாதிரித்துண்டு பின்னி, துவைத்துக் காயவைத்து 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி என்று அளக்காமல் ஆரம்பிக்காதீர்கள். குறிப்பில் 22, உங்கள் கைக்கு 20 என்றால், 110 கண்ணி 50-க்குப் பதில் 55 சென்டிமீட்டர் வரும். முன்னும் பின்னும் சேர்த்து 10 சென்டிமீட்டர் கூடுதல். உங்களுக்குப் பின்னியது உங்கள் அண்ணனுக்குச் சரியாக இருக்கும்.

குரோஷா (ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னுவது) இதைவிடச் சுலபம் என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு: சுலபம்தான், ஒரே கண்ணிதான் கையில் நிற்கும் என்பதால் நழுவினாலும் பயமில்லை. ஆனால் கேட்டது நிட்டிங்.

அந்தக் கட்டைப்பை மஃப்ளரைத் தூக்கிப் போடாதீர்கள். ஊசியை உருவிவிட்டு அவிழ்த்து, நாற்காலி முதுகில் சுற்றுங்கள். நாலு இடத்தில் வேறு நூலால் தளர்வாகக் கட்டி எடுத்து, அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் துண்டில் ஒற்றி, நிழலில் தொங்கவிடுங்கள். அடியில் ஒரு சின்னக் கரண்டியைக் கட்டினால் சுருள் நிமிரும். நம் ஊர் வெயிலுக்கு நிழலிலேயே மறுநாள் காய்ந்திருக்கும். காய்ந்ததும் உருண்டை சுற்றி, 40 கண்ணி ஏற்றுங்கள்.