ரெசின் பாகத்தில் பெயின்ட் உரிவது ஏன்?

கேள்வி: 1/48 அளவு ஸ்பிட்ஃபயர் விமான மாடலுக்காக, ரெசினில் வார்த்த விமானி அறைப் பாகங்களைத் தனியாக வாங்கினேன். மாஸ்கிங் டேப்பை எடுத்தபோது அதோடு பெயின்டும் உரிந்து வந்துவிட்டது. பக்கச்சுவர் ஒன்று சற்று வளைந்தும் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: பெயின்டைக் குறை சொல்ல வேண்டாம். பாலியூரித்தேன் ரெசினைச் சிலிக்கோன் அச்சில் ஊற்றி வார்க்கும்போது, பாகம் ஒட்டிக்கொள்ளாமல் கழன்று வருவதற்காக அச்சில் ஒரு வழுக்குப் பொருளைப் பூசுவது வழக்கம். அது கண்ணுக்குத் தெரியாத படலமாகப் பாகத்தின் மேல் தங்கிவிடுவதால், பிரைமரோ பெயின்டோ ரெசினைப் பற்றாமல் அந்தப் படலத்தின் மேலேயே நின்றுவிடுகிறது. அடித்தது அக்ரிலிக் பெயின்ட் என்றால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் துடைத்து எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைச் சில சொட்டுகள் விட்டுப் பாகங்களைச் சிறிது நேரம் ஊறவைத்து, மென்மையான பல் துலக்கும் பிரஷால் மூலைமுடுக்கெல்லாம் தேய்த்து, நல்ல நீரில் அலசி முழுமையாக உலரவிடுங்கள். இனி வாங்கும் பாகங்களை, வார்ப்புக் கட்டையிலிருந்து (வார்க்கும்போது பாகத்தோடு சேர்ந்து வரும் மிச்ச ரெசின் துண்டு) அறுப்பதற்கு முன்பே கழுவிவிடுவது நல்லது. பிடித்துக்கொள்ளக் கட்டை இருக்கும். கடுகளவு நெம்புகோல் தொட்டிக் குழாய்க்குள் போய்விடும் என்ற கவலையும் இருக்காது.

வளைந்த சுவரைக் கை பொறுக்காத அளவு சூடான நீரில் சிறிது நேரம் போட்டால் ரெசின் இளகிவிடும். உடனே எடுத்துச் சமமான கண்ணாடித் துண்டின் மேல் வைத்து நேராக்கி, பிடித்த பிடி விடாமல் குளிர்ந்த நீரில் அமிழ்த்துங்கள். ஒரே முறையில் நேராகவில்லையென்றால் மீண்டும் சூடாக்கலாமே தவிர, ஆறிய ரெசினை வளைக்க முயன்றால் ஒடிந்துவிடும்.

கட்டையை மெல்லிய பல் கொண்ட ரம்பத்தால் அறுத்து, மிச்சத்தை உப்புத்தாளில் தேய்க்கும்போது தாளை நனைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூசி மிக நுண்ணியது, நுரையீரலுக்குக் கெடுதல். ஈரம் இருந்தாலும் முகக்கவசத்தை விட வேண்டாம். தேய்த்து முடித்தபின் இன்னொரு முறை கழுவி, ஊசிமுனைக் குழிகள் தெரிந்தால் பட்டி வைத்து அடையுங்கள்.

பெயின்டுக்கு முன் உடற்பகுதிக்குள் பொருத்திப் பார்ப்பதைத் தவிர்க்கவே கூடாது. ரெசின் சுவர் தடிமனானது என்பதால் பெரும்பாலும் விமான உடலின் இரு பாதிகளும் மூட மறுக்கும். உள்பக்கத்துப் பிளாஸ்டிக்கைச் சுரண்டி மெலிதாக்குவதே வழி. அடிக்கடி விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: ஒளி ஊடுருவத் தொடங்கினால் அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். ஒட்டுவதற்குச் சூப்பர் குளூ அல்லது எப்பாக்சிதான் சரி. சாதாரண மாடல் பசை பாலிஸ்டைரீனைக் கரைத்து இணைக்குமே தவிர, ரெசினை ஒன்றும் செய்யாது.

கேள்வி: 3டி பிரின்டரில் எடுத்த ரெசின் பாகங்களுக்கும் இதே முறைதானா?

பதில்: இல்லை, அது புற ஊதா ஒளியில் இறுகும் வேறு வகை ரெசின். பரப்பில் பிசுபிசுப்பு இருந்தால் முழுதாக இறுகவில்லை என்று பொருள். அந்த நிலையில் அது தோலில் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும் என்பதால், நைட்ரைல் கையுறை அணிந்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, உலர்ந்தபின் புற ஊதா விளக்கின் கீழ் எல்லாப் பக்கமும் படும்படி திருப்பி வையுங்கள். கழுவிய ஆல்கஹாலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள்.