மன்னார்குடிப் பெண்ணும் மீகாங் ஆறும்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு அப்பாவும் அம்மாவும் மேற்படிப்புக்கு யோசனை கேட்டு மகளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்திருந்தார்கள். அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். "ஜியாக்ரபிதான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா சார். அதுல என்னங்க வேலை கிடைக்கும்?" என்றார் அப்பா. சென்னைப் பெரியப்பா ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டு பேசி வைத்திருக்கிறாராம். அம்மா வாயே திறக்கவில்லை. அடகுக்குப் போகப்போவது அவர் நகை.

பயப்படாதீர்கள் என்றுதான் ஆரம்பித்தேன். நகைப் பேச்சு வந்ததும் ஆறுதலை நிறுத்திவிட்டேன்.

ஐயா, உங்கள் அண்ணன் நல்லது நினைத்துத்தான் சொல்கிறார். ஆனால் வட்டி கட்டப்போவது நீங்கள், நாலு வருஷம் அந்த வகுப்பில் உட்காரப்போவது இவள். மனசில்லாத பிள்ளைக்குக் கடன் வாங்கிச் சீட்டு வாங்குவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

மேப்பில் அப்படி என்ன பார்ப்பாய் என்று அவளிடம் கேட்டேன். "வியட்நாம்லயும் நம்மள மாதிரி கடைமடை இருக்கு சார்" என்றாள். உலகத்தை வட்டாரம் வட்டாரமாக ஒப்பிட்டுப் படிக்கிற உலக வட்டாரப் புவியியல் தொடங்குகிற இடமே அதுதான். மீகாங் ஆறு சீனாவில் பிறந்து ஆறு நாடுகளைத் தொட்டு வியட்நாமில் கடலைச் சேர்கிறது. மழைக்காலத்தில் அதன் வெள்ளம் கம்போடியாவின் டோன்லே சாப் ஆற்றைத் திருப்பி ஓட வைக்கும், அங்குள்ள ஏரி நாலைந்து மடங்கு விரியும், மீன் பெருகும். மேலே அணை கட்டினால் கீழே வண்டல் குறைகிறது. 2016-லும் 2020-லும் வறட்சியில் கடல்நீர் உள்ளே ஏறி வியட்நாம் டெல்டாவின் நெல்லை வாட்டியது. ஆறு, மண், பயிர், அரசியல், வியாபாரம் எல்லாவற்றையும் ஒரே நிலப்பரப்பில் சேர்த்துப் பார்க்கக் கற்றவர்கள் பயிர்க் காப்பீட்டுக்கும் நீர்வளத் திட்டங்களுக்கும் தேவைப்படுகிறார்கள்.

டீச்சர் வேலை, கலெக்டர் தேர்வு இரண்டும் நீங்களே கேள்விப்பட்டவை, விடுங்கள். உங்களுக்குக் கிட்டத்திலேயே கும்பகோணம் அரசு மகளிர் கல்லூரியில் புவியியல் துறை இருக்கிறது. சென்னை என்றால் ராணி மேரி, மாநிலக் கல்லூரி. அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் உங்களைக் கடனாளி ஆக்காது. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும்.

ஒன்றை மறைக்க மாட்டேன். வெறும் டிகிரியை வைத்துக்கொண்டு வேலை தேடினால் அலைச்சல்தான். முதல் வருஷமே கம்ப்யூட்டரில் மேப் தயாரிக்கிற க்யூஜிஐஎஸ் (QGIS) மென்பொருளைப் பழக வேண்டும்; அது இலவசம். இஸ்ரோவின் கீழ் டேராடூனில் இயங்கும் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் கட்டணமில்லாமல் ஆன்லைன் வகுப்பு நடத்துகிறது, செயற்கைக்கோள் படங்களைப் படிக்க அங்கே கற்கலாம். பிறகு மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான க்யூட் (CUET) முதுநிலைத் தேர்வு எழுதி, டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகமான ஜேஎன்யூவின் வட்டார வளர்ச்சி ஆய்வு மையத்தில் எம்.ஏ. புவியியலுக்கு முயலலாம். மூன்று வருஷத்தில் ஆங்கிலத்தையும் அவள் தேற்றிக்கொண்டாக வேண்டும், அதில் சலுகை கிடையாது.

அம்மா, நகை உங்கள் கழுத்திலேயே இருக்கட்டும். பெரியப்பாவுக்கு இன்று ராத்திரியே போன் போட்டு, சீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அரசுக் கல்லூரி விண்ணப்பத்தை அவள் கையாலேயே நிரப்பட்டும்.